இருபத்தெட்டுச் சீட்டுகள்

பதினோரு ஆண்டுகள் எங்கள் தமிழ் ஐக்கியத்தின் விளையாட்டுப் பொறுப்பு என்னுடையதாக இருந்தது. போலாரத்தில் ராணுவக் குடியிருப்பை ஒட்டிய தெருவில் ஒரு பழைய கிறிஸ்தவ ஆலயம். காலையில் தெலுங்கு ஆராதனை முடிந்து அவர்கள் நாற்காலிகளை அடுக்கிவிட்டுப் போவார்கள். மாலை நாலு மணிக்கு நாங்கள் வந்து அதே நாற்காலிகளைப் பிரித்துப் போட்டு உட்காருவோம். எல்லோரும் வந்தால்கூட முப்பது பேர் தேறமாட்டோம். பாதிப் பேர் கணினி வேலைக்கு வந்த இளசுகள். மீதிப் பேர் ரயில்வே பணிமனைக் குடும்பங்கள். மூன்று தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள். இந்த இரண்டு கூட்டமும் ஒன்றோடொன்று பேசாது. ஆராதனை முடிந்ததும் இவர்கள் இந்த மரத்தடி, அவர்கள் அந்த மரத்தடி. இரண்டையும் சேர்த்துச் சிரிக்க வைக்க வேண்டும் என்பதுதான் எனக்கு இட்ட வேலை.

ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று தெரியவில்லை. பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். செய்து வைத்த பொருளில் குறை எங்கே என்று தேடிக் கண்டுபிடித்து, அது யார் கைபட்ட குறை என்று எழுதி வைப்பது என் பிழைப்பு. ஆனால் விசிலைக் கழுத்தில் மாட்டி, மைக்கைக் கையில் பிடித்தால் எனக்கு வேறொரு வாய் முளைத்துவிடும். கணுக்காலில் பலூன் கட்டி உடைப்பது, செய்தித்தாளைப் பாதி பாதியாக மடித்து அதன்மேல் இரண்டு பேர் நிற்பது, கரண்டியில் எலுமிச்சம்பழம் என்று எல்லாவற்றையும் நடத்தியிருக்கிறேன். தோற்றவரைக் கிண்டல் செய்வதில் எனக்கு நல்ல பெயர் உண்டு.

ஆண்டுக்கு ஆண்டு மாறாமல் இருந்த ஒன்று ஜெபத் துணை. ஜனவரி மாதம் எல்லோர் பெயரையும் சீட்டில் எழுதி, பழைய பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்குவோம். ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும். யார் பெயர் வந்ததோ அவருக்காக ஆண்டு முழுக்க ரகசியமாக ஜெபிக்க வேண்டும். அவ்வப்போது பெயர் போடாமல் ஒரு வாழ்த்து அட்டையோ சாக்லேட்டோ அவருக்குக் கிடைக்கும்படி செய்யலாம். டிசம்பரில் எல்லோர் முன்பும் வெளிப்படுத்தி ஒரு பரிசு கொடுக்க வேண்டும். விதி ஒன்றே ஒன்றுதான். தன் பெயரோ தன் வீட்டாள் பெயரோ வந்தால் சீட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு வேறு எடுக்க வேண்டும்.

அந்த ஆண்டு இருபத்தெட்டுச் சீட்டுகள். அதில் மூன்று எங்கள் வீட்டுச் சீட்டுகள். நான், என் மனைவி, பத்தொன்பது வயது மகள்.

மகள் வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். "ப்ளீஸ்பா, நாக்கு வொத்து" என்று பாதி தெலுங்கில் கெஞ்சினாள், எனக்கு வேண்டாம் என்று. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழ் முழுக்கப் புரியும், பதில்தான் வேறு ஏதாவது மொழியில் வரும். விளையாட்டுப் பொறுப்பாளனின் மகளே வரவில்லை என்றால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சத்தம் போட்டு அழைத்துப் போனேன்.

போன பிறகு அவள் நன்றாகத்தான் இருந்தாள். வேதாகமத்தில் வசனம் தேடும் போட்டி வைத்தேன். அதிகாரமும் வசனமும் நான் சொல்வேன். முதலில் கண்டுபிடிப்பவர் மைக் முன்னால் வந்து சத்தமாக வாசிக்க வேண்டும். அவளுக்குக் கை வேகம். எல்லோரையும் முந்திக்கொண்டு சிரித்தபடி ஓடி வந்தாள். வாசிக்கத் தொடங்கியதும் ஒரு நீளமான சொல்லில் தடுக்கினாள். எழுத்துக் கூட்டினாள். நான் மைக்கில், ஒன்றாம் வகுப்புக் குழந்தை போலக் குரலை வைத்துக்கொண்டு, அவள் திக்கியதைப் போலவே திக்கிக் காட்டினேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் மறுபடி முயன்றாள். நான் மறுபடி திக்கினேன். இப்போது எல்லோரும் சிரித்தார்கள், இளசுகளும் ரயில்வேக்காரர்களும் ஒன்றாக. பதினோரு ஆண்டுகளில் இரண்டு கூட்டமும் சேர்ந்து சிரித்தது அன்றுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் மைக்குக்கு எட்டாத குரலில், "இட்ஸ் நாட் ஃபன்னி, அப்பா" என்றாள். அதையும் நான் மைக்கில் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் சீட்டு எடுத்தோம். ஒவ்வொருவராக வந்து டின்னில் கைவிட்டார்கள். அவள் கடைசி ஆட்களில் ஒருத்தியாக வந்து எடுத்து, பிரித்துப் பார்த்து, உடனே மடித்தாள். "வீட்டாள் இல்லையே?" என்று எல்லோரையும் கேட்பது போல அவளையும் கேட்டேன். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு, சீட்டைக் கைக்குள் மூடிக்கொண்டு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசுவதை நிறுத்தினாள் என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. "ஓகே", "ஃபைன்", "தெரியாது" என்பாள். கேட்டால் பதில் வரும், கேள்வி வராது. நானும் விட்டுப் பிடிக்கலாம் என்றிருந்தேன். ஒரு மன்னிப்பு கேட்டிருக்கலாம். பெற்ற பிள்ளையிடம் மன்னிப்பு கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை.

ஏப்ரல் வாக்கில் ஒருநாள் சாப்பிடும்போது மனைவியிடம் புலம்பினேன். எல்லோருக்கும் அட்டை வருகிறது, சாக்லேட் வருகிறது, எனக்கு ஒரு மிட்டாய்கூட வந்ததில்லை, எந்தப் புண்ணியவான் கையில் மாட்டினேனோ என்று. மகள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கணம் தலை தூக்கிப் பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு முடித்து எழுந்து போனாள்.

ஜூலையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். அந்த மழைக்காலத்தில் எங்கள் தெருவிலேயே நாலைந்து பேருக்கு வந்து சரியாகியிருந்ததால் நாங்கள் பெரிதாகப் பயப்படவில்லை. பேகம்பேட் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆறாவது நாள் போய்விட்டாள். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது ஒரே சொல். ஐந்தாம் நாள் காலையில் நான் அறைக்குள் நுழைந்ததும் கையை நீட்டி, "சார்ஜர்?" என்றாள். நான் கொண்டுபோக மறந்திருந்தேன்.

இதற்கு மேல் அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள். நான் தலையாட்டிக்கொண்டே வேறொன்றை யோசித்தேன். இவர்களில் ஒருவர் கையில் என் மகளின் சீட்டு இருந்தது. அவளுக்காக அந்த ஆண்டு முழுக்க ஜெபிக்க வேண்டிய ஆள் இந்த அறையில்தான் எங்கேயோ உட்கார்ந்து காப்பி குடிக்கிறார். யார் அது? ஜெபித்தாரா? அல்லது சீட்டை ஜனவரியிலேயே சட்டைப்பையோடு துவைத்துவிட்டாரா?

தொழிற்சாலையில் ஒரு பொருள் உடைந்து திரும்பி வந்தால் யார் கையில் தவறு என்று பார்க்காமல் நான் விட்டதில்லை. இதையும் அப்படித்தான் பார்த்தேன். பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரியும். ஆனால் அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை காலையில் எழுந்து பல் துலக்கினேன்.

நவம்பரில் கிறிஸ்மஸ் கூடுகைக்குத் திட்டமிட உட்கார்ந்தோம். எங்கள் ஊர்ப் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயர் மெதுவாக ஆரம்பித்தார்.

"இந்த வருஷம் நீங்க விளையாட்டுப் பொறுப்பு எடுத்துக்க வேண்டாமே. வேற யாராவது பார்க்கட்டும்."

"நானே பார்க்கிறேன் ஐயர்."

"சரி. ஆனா அந்த ஜெபத் துணை மட்டும் வேண்டாம். உங்களுக்கும் கஷ்டம், பார்க்கிறவங்களுக்கும் கஷ்டம். அவங்கவங்க பரிசைத் தனியாக் கொடுத்துக்கட்டும்."

"வேற எதை வேணும்னாலும் விடுறேன். அதை விடமாட்டேன்."

என் குரல் அந்த அறைக்குக் கொஞ்சம் அதிகமாக இருந்திருக்க வேண்டும். ஐயர் தன் நோட்டை மூடினார். பிறகு, "உங்க மகள் கையில் இருந்த சீட்டு ஒண்ணு இருக்கே, அந்த ஆளை யார் சொல்றது?" என்றார்.

நான் அதை யோசித்து வைத்திருந்தேன். இல்லை, யோசிக்கவில்லை, கணக்குப் போட்டு வைத்திருந்தேன். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு யார் பெயர் மிச்சமோ அவர்தான் அவளுக்கு வந்தவர். எளிய கழித்தல். அந்த ஆளுக்கு அவள் சார்பில் நானே பரிசு கொடுத்துவிடுவேன் என்றேன். அந்த ஆள் யாராக இருந்தாலும் எனக்கு அக்கறை இல்லை. எனக்கு வேண்டியது என் மகளின் சீட்டை எடுத்தவர்.

வீட்டில் மனைவியிடம், என்ன பரிசு வாங்கலாம் என்று கேட்டேன்.

"ஆருக்குன்னு தெரியாம என்னத்த வாங்குவீங்க? குடை வாங்குங்க. அதுதான் ஆம்பளைக்கும் ஆவும், பொம்பளைக்கும் ஆவும்."

கருப்புக் குடை ஒன்று வாங்கி வந்தேன். நானே பூப்போட்ட தாளில் பொதிந்து, ஒரு சின்ன அட்டை கட்டினேன். கொடுப்பவர் என்ற இடத்தில் மகளின் பெயரை எழுதினேன். பெறுபவர் என்ற இடத்தைக் காலியாக விட்டேன். மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வெளையாட்டு நடத்தப் போகல. ஆரையோ பிடிக்கப் போறீங்க. பிடிச்சிட்டா அவ வந்துருவாளா?" என்றாள்.

நான் குடையைப் பைக்குள் வைத்தேன்.

அந்த ஞாயிறு இருபத்தேழு பேரும் வந்திருந்தார்கள். ஒருவரும் விடுப்பு எடுக்கவில்லை. விசிலை மாட்டிக்கொண்டு, அட்டையில் செருகிய பெயர்ப் பட்டியலோடு நடுவில் நின்றேன். முறை சாதாரணமானதுதான். ஒருவர் எழுந்து தன் ஜெபத் துணை யார் என்று சொல்லிப் பரிசு கொடுப்பார். பரிசு வாங்கியவர் எழுந்து தன் துணையைச் சொல்வார். அப்படியே சங்கிலியாகப் போகும். பெயர் சொல்லப்பட்டவர்களை நான் பட்டியலில் டிக் அடித்துக்கொண்டே வருவேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு ஆசிரியையை ஆரம்பிக்கச் சொன்னேன். அவர் ஒரு கணினிக்காரரைச் சொன்னார், அவர் வேறொருவரை. கைதட்டினார்கள், ஆனால் யாரும் சத்தமாகக் கைதட்டவில்லை. ஒவ்வொரு முறையும் ஒருவர் எழும்போது எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் எழுகிறவரின் கையைப் பார்த்தேன். என் மனைவியின் பெயரை ஒரு பையன் சொல்லிப் போர்வை ஒன்று கொடுத்தான். அவள் எழுந்து, ரயில்வேக் குடும்பத்து அக்கா ஒருவரைச் சொன்னாள்.

அக்காவுக்கு அறுபது வயதிருக்கும். கணவர் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுந்து நின்றார். கைப்பையைத் திறந்து பழுப்புக் காகிதத்தில் சுற்றிய சின்னப் பொட்டலத்தை எடுத்தார்.

"ஹவ், ஆமா தம்பி. நான்தான். உன் பொண்ணு சீட்டு எனக்குத்தான் வந்துச்சு."

நான் ஐந்து மாதம் ஒத்திகை பார்த்த கேள்வி வாயில் தயாராக இருந்தது. கேட்க வேண்டியிருக்கவில்லை.

"பொய் நக்கோ, வேண்டாம் தம்பி எனக்கு. ஜனவரில பத்து நாள் ஜெபம் பண்ணேன். பொட்டலத்தையும் அப்பவே வாங்கி வெச்சேன். அப்புறம் பேத்தி கல்யாண வேலை வந்துச்சு, மறந்தே போயிட்டேன். அவ ஆஸ்பத்திரில இருக்கான்னு ஃபோன் வந்தப்பதான் ஐயோ என் சீட்டாச்சேன்னு ஞாபகம் வந்துச்சு. அன்னிக்கு ராவெல்லாம் பண்ணேன். அதுக்குள்ள..."

அவர் அழவில்லை. நேராக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார், திட்டு, வாங்கிக்கொள்கிறேன் என்பது போல. திட்டத்தான் வாயைத் திறந்தேன். அப்போது என் சட்டைப்பையில் இருந்த சீட்டு நினைவுக்கு வந்தது. எனக்கு வந்தவன் கணினி வேலை பார்க்கும் ஒரு இளைஞன். அவனுக்கான பரிசை முந்தின நாள்தான் ஓடிப்போய் வாங்கினேன். அவனுக்காக ஜெபித்த நாட்களை எண்ணினால் பத்துக்கூட வராது. அக்கா என்னைவிட மேல்.

பிடித்துவிட்டேன். குறை எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா பொட்டலத்தை என் மனைவியிடம் கொடுத்தார். உள்ளே ஒரு ஜோடிக் காது தொங்கல்கள் இருந்தன, பச்சைக் கல் வைத்தவை. மனைவி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மகளின் பெயருக்கு நேரே டிக் அடித்தேன். அங்கே சங்கிலி அறுந்தது. அடுத்துப் பேச வேண்டியவள் இல்லை.

ஐயர் எழுந்து ஜெபத்தோடு முடித்துவிடலாம் என்று சைகை காட்டினார். நான் விசில் ஊதினேன். ஏன் ஊதினேன் என்று இன்றும் புரியவில்லை. பதினோரு ஆண்டுப் பழக்கம், கை தானாகச் செய்தது. "அடுத்து நானே சொல்லிவிடுகிறேன்" என்று அந்த இளைஞனைக் கூப்பிட்டு அவன் பரிசைக் கொடுத்தேன். அவன் இன்னொருவரைச் சொன்னான். சங்கிலி மீண்டும் ஓடியது. எனக்குக் காது அடைத்துக்கொண்டது போல இருந்தது. உதடு அசைவதைப் பார்த்துப் பார்த்து டிக் அடித்தேன். கடைசியில் ஒருவர் முதன்முதலில் எழுந்த ஆசிரியையின் பெயரைச் சொல்ல, சங்கிலி வந்து மூடிக்கொண்டது.

குடையை எடுத்துக்கொண்டேன். "இன்னும் பெயர் வராதவர் ஒருவர் இருக்கிறார். அவர் என் மகளின் ஜெபத் துணை. எழுந்து வாங்க" என்றேன்.

யாரும் வரவில்லை. சுற்றிப் பார்த்தேன். வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தவர் ஒருவரும் இல்லை. எல்லோர் கையிலும் ஒரு பரிசு இருந்தது.

"அங்கிள், யாரு லெஃப்ட்?" என்று அந்த இளைஞன் கேட்டான்.

பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். பிறகு கீழிருந்து மேலாகப் பார்த்தேன். இருபத்தேழு டிக். முதல் வரியில் மட்டும் இல்லை. பட்டியலை எழுதியவன் நான், அதனால் என் பெயரை முதலில் எழுதியிருந்தேன்.

வீட்டாள் இல்லையே என்று கேட்டபோது தலையாட்டினாள். பொய். திருப்பிப் போட்டிருக்கலாம், வேறு எடுத்திருக்கலாம். ஊர் முன்னால் அவளைக் கேலி செய்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, என் பெயரைக் கையில் மூடிக்கொண்டு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

எதற்காக? அன்றைக்கு அந்த இடத்தில் நின்றபடி எனக்குத் தோன்றிய முதல் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். பழிவாங்கத்தான் வைத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். இந்த ஆளுக்காக இந்த ஆண்டு ஒருவரும் ஜெபிக்கக் கூடாது என்று எடுத்து வைத்துக்கொண்டாள். அப்படியென்றால் அவளுக்கு அந்த உரிமை உண்டு. இல்லை, கோபத்தோடு கோபமாக ஒருநாளாவது எனக்காக ஏதேனும் முணுமுணுத்தாளா? தமிழிலா, தெலுங்கிலா, எதில்? அன்று சாப்பாட்டு மேசையில், எனக்கு ஒரு மிட்டாய்கூட வரவில்லை என்று நான் புலம்பியபோது தலை தூக்கிப் பார்த்தாளே, அப்போது ஏதோ சொல்ல வந்தாளா? பிறகு அவள் அறை முழுக்கத் தேடியும் அந்தச் சீட்டு கிடைக்கவில்லை. அவள் ஃபோனைத் திறக்க எங்களுக்குத் தெரியாது. கேட்க வேண்டியவளிடம் கேட்க ஆறு மாதம் இருந்தது, அந்த ஆறு மாதத்தையும் நான் விட்டுப் பிடிக்கிறேன் என்று விட்டுவிட்டேன்.

மைக் என் கையில் இருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் நான் நின்றதை அந்தக் கூட்டம் முதல் முறையாகப் பார்த்தது.

மனைவி எழுந்து வந்தாள். பட்டியலைப் பார்த்தாள். என் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்து, குடையில் தொங்கிய அட்டையைத் திருப்பி, பெறுபவர் என்று நான் காலியாக விட்டிருந்த இடத்தில் எழுதினாள். என் பெயரை எழுதவில்லை. அப்பா என்று எழுதினாள்.

அதன்பின் ஒரு மழைக்காலம் வந்து போய்விட்டது. விளையாட்டுப் பொறுப்பை வேறொருவர் பார்க்கிறார். குடையை நான் இன்னும் பிரிக்கவில்லை.